எரிநட்சத்திர ஆபீசும் ஒரு டைம் கீப்பரும்

நாள் முழுக்க எரிநட்சத்திரம் எண்ணிவிட்டு, ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற உத்தியோகம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே, கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் ஒரு சின்னக் கட்டடம், வெளியே ஐந்து கம்பங்கள். அதுதான் ஆபீஸ். வானத்திலிருந்து தூசியும் பொடிக்கல்லும் ராத்திரி பகல் பாராமல் வந்து, தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துபோகும். எரிந்த தடத்தில் எங்கள் ரேடார் அலை பட்டுத் திரும்பிவரும். அந்தத் தடத்தை அங்கே அடிக்கிற காற்று தள்ளிக்கொண்டு போகும். திரும்பிவந்த அலையை வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் வேலை. இவ்வளவையும் நான் யாருக்கும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை, பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். வெளியே சொன்னால் விளங்காத வேலை பார்க்கிற சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே நாங்கள் மூன்றே பேர். தலைமை விஞ்ஞானி டாக்டர் வசுமதி; கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் அணுபுரம் குடியிருப்பிலிருந்து மொபெட்டில் வருவார். பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து கன்னியம்மா. கூட்டுவது, டீ போடுவது, எங்கள் இருவரையும் அதட்டுவது அவர் பொறுப்பு. மூன்றாவது, படாளத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிற தற்காலிக டெக்னீஷியன் ஞானவேல், அதாவது நான்.

நேரமில்லாத சரக்கு

செங்கல்பட்டில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் தமிழரசி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த ரூட்டில் போனது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை எரிநட்சத்திரம் வரும் என்றார். ஆயிரக்கணக்கில் என்றேன். முதலாவது எத்தனை மணிக்கு? சொல்ல முடியாது. எந்தப் பக்கமிருந்து? எல்லாப் பக்கமிருந்தும். எங்கே போய்ச் சேரும்? எங்கேயும் சேராது, வழியிலேயே எரிந்துவிடும். கேசரித் தட்டு மெல்ல அவர் பக்கமே திரும்பிப் போனது.

சமையலறை வாசலில் நின்றிருந்த தமிழரசி மட்டும், "பகல்லயும் விழுமா?" என்று கேட்டாள். எங்கள் ஆபீசைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்கள்கூட அதைக் கேட்டதில்லை. பகலிலும் விழும், விடிகாலையில் நிறைய விழும், நம் கண்ணுக்குத் தெரியாது, ரேடாருக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கும் சம்மதம் என்று உள்ளேயிருந்து தகவல் வந்தது. ஆனால் தெருமுனை வரை வழியனுப்ப வந்த அவள் அப்பா என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"கோச்சிக்காதீங்க தம்பி. நேரமும் இல்ல, ரூட்டும் இல்ல, டெர்மினஸும் இல்ல, அதுல நீங்க டெம்பரவரி வேற. பர்மனென்ட் ஆர்டரோட வாங்க, பேசுவோம்."

ஐந்து கம்பம்

எங்கள் கம்பங்களைப் பார்த்தால் மொட்டை மாடி டி.வி. ஆன்டெனாவுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். இலங்கையில் கிரிக்கெட் நடந்த சமயம், சாலையோர டீக்கடைக்காரர் ஒரு சுருள் ஒயரோடு வந்து நின்றார். எங்கள் கம்பத்திலிருந்து அவர் கடை வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிறாராம், தினம் மூன்று டீ இலவசமாம். எங்களுக்கு எந்தப் படமும் வராது, வெறும் புள்ளி புள்ளியாகத்தான் வரும் என்று உள்ளே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமான பரிதாபம் தெரிந்தது.

"அஞ்சு ஆன்டெனா வச்சிகினு ஒரு சேனலும் வர்லியா? எங்க வூட்ல ஒத்தக் கம்பி, அதுல கொழும்பே வருது. உங்கள்த யாரு சார் மாட்டினது?"

காற்று நிலவரம்

காற்று ஆபீஸ் என்று குப்பம் முழுக்கப் பெயராகிவிட்டது. கன்னியம்மாவின் அண்ணன் மாசிலாமணி சொந்தமாகப் படகு வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் வேலி ஓரமாக நின்று, "இன்னா தம்பி, நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்றார். முதல் முறையாக ஒருவர் என் வேலையைப் பற்றி மரியாதையாக ஒரு கேள்வி கேட்கிறார். புல்லரித்துப்போய், கரையிலிருந்து கடலுக்கு, நல்ல வேகம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி அதற்கேற்றபடி பாயைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் சட்டை வரை நனைந்து வந்தார். காற்று நேர் எதிராக அடித்ததாம், படகு எங்கேயோ போய்க் கரை ஒதுங்கியதாம். நான் சொன்னது தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கிற காற்று என்று விளக்கினேன். அவர் தலையை அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ ஒசரத்துல நாங்க வலை போடறதில்ல தம்பி. தண்ணி மட்டத்துல எதுனா காத்து கீதான்னு பாத்து சொல்லு."

இந்திரலோகத்துக் கல்

விண்கல் ஆராய்ச்சி என்று வெளியே போர்டு வைத்தது எங்கள் தப்பு. மாதம் ஒருவராவது துணியில் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். எங்களுக்கு வருவது பொடி, அதுவும் மேலேயே எரிந்துவிடும், கல்லாக எதுவும் கைக்கு வராது என்றால் நம்பமாட்டார்கள். ஒருமுறை மாமல்லபுரத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய வேட்டியில் ஒரு கருங்கல்லை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் கொல்லையில் ஆகாசத்திலிருந்து விழுந்ததாம், விழுந்தபோது புகைந்ததாம். டெல்லியில் காட்டினால் பேப்பரில் போட்டோ வருமா என்றும் கேட்டார்.

மேசையில் வைத்துத் திருப்பினேன். பின்பக்கம் அழகாக மூன்று நகம். உளித் தடம்கூட மறையவில்லை. பக்கத்துச் சிற்பக் கூடத்தில் யானை செதுக்கும்போது தெறித்த கால் அது. ஐயா, இதில் யானை நகம் இருக்கிறதே என்றேன் பணிவாக. அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஏன், இந்திரனாண்ட இல்லாத யானையா?"

மானிட்டருக்கு வேப்பிலை

எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஞாபக மறதி வரும் என்று கன்னியம்மா நம்பினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேற்று எத்தனை விழுந்தது என்று என்னிடம் கேட்டார். நாலாயிரத்துச் சொச்சம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரையில்தான் பார்க்கிறேன், வானத்தில் பார்க்கவில்லை என்றேன். எங்கே பார்த்தால் என்ன, பார்த்தது பார்த்ததுதானே என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து மானிட்டரின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. வாடினால் புதுசு மாற்றுவார். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், என்னவென்று கேட்டார். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"நேத்து மொபெட் சாவிய வண்டியிலயே வுட்டுட்டு ஆபீஸ் பூரா தேடினியே டாக்டரம்மா, அது ஏன்னு நெனச்சிகினு கீற?"

சாயங்காலம் டாக்டர் தன் அறைக்கும் ஒரு கொத்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆயுத பூஜை

எங்கள் ஐந்து கம்பங்களுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். நடுவில் இருப்பது நடு. மற்ற நான்கும் வடக்கு, தெற்கு, கடல், மலை. கிழக்கே கடல், மேற்கே திருக்கழுக்குன்றத்து மலை, அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் ஒரு கேபிள் உள்ளே வந்து, சுவரில் அதனதன் சாக்கெட்டில் சேரும். எது எது என்று தெரிய நுனியில் கலர் டேப் சுற்றியிருக்கும். கடலுக்கு வெள்ளை, மலைக்கு மஞ்சள், மற்றவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம். எந்தக் கேபிளில் அலை கொஞ்சம் முந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் எரிநட்சத்திரம் எந்தத் திசையில் எரிந்தது என்று ரேடார் கண்டுபிடிக்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு ரேடாரை நிறுத்துவோம். அன்றைக்கு நான் ஐந்து கேபிளையும் கழற்றி, உப்புக் காற்றில் பிடித்த பச்சைக் களிம்பை நன்றாகத் துடைத்துத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தேன். கன்னியம்மா கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்துவந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் தாராளமாகப் பூசிக் குங்குமம் வைத்தார். டாக்டர் கற்பூரம் காட்டினார். பொரி, கடலை சாப்பிட்டோம். பிறகு சாக்கெட்டில் மாட்டும்போது மஞ்சள் டேப் கேபிள் இரண்டு இருப்பது போல எனக்கு ஒரு சின்னத் தயக்கம் வந்தது. ஏதோ ஒன்றை எடுத்து ஏதோ ஒன்றில் மாட்டினேன். கேட்டிருக்கலாம். கன்னியம்மா பூசணிக்காயோடு வாசலில் நின்று என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் மாட்டிட்டு வா தம்பி, திஷ்டி சுத்தணும். நம்ம மிஷினுக்கு எம்மாம் பேரு கண்ணு வச்சிகினு கீறானுங்களோ!"

திரும்பிய காற்று

பூஜை முடிந்த வாரமே டாக்டர் ஒரு மாதிரி ஆனார். மொபெட்டை ஸ்டாண்ட் போடாமல் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவருவார், பிரின்டரிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்ப்பார், தனக்குத்தானே சிரிப்பார். மேலே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த காற்று திடீரென்று மேற்கு நோக்கித் திரும்பிவிட்டதாம். அந்தச் சமயம் பார்த்துக் கீழேயும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. மழைக் காற்று திரும்பும்போது அத்தனை உயரத்திலும் காற்று சேர்ந்து திரும்புகிறது என்றால், அது யாரும் இதுவரை சொல்லாத விஷயம்.

எங்களுக்கு அப்போது தலைக்கு மேல் கத்தி. நிலையத்தைத் தொடர்ந்து நடத்துவதா, கம்பங்களைப் பிடுங்கி வேறெங்காவது அனுப்புவதா என்று முடிவுசெய்யத் தை மாதம் ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. நிலையம் போனால் என் வேலை போகும். வேலை போனால் செங்கல்பட்டுப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. அதனால் டாக்டர் சொன்ன செய்தியைக் கேட்டு அவரைவிட நான்தான் அதிகமாகக் குதித்தேன்.

"வேலு, வங்காள விரிகுடா காத்தையே புடிச்சிட்டோம்டா! இந்தக் கட்டுரை ஒண்ணு போதும், நிலையமும் நிலைக்கும், நீயும் பர்மனென்ட்."

போர்ட் பிளேர் வண்டி

இந்த நல்ல செய்தியைச் சொல்லச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டைம் கீப்பர் ஜன்னல் வழியாகவே கேட்டுக்கொண்டார். ஆர்டர் கையில் இருக்கிறதா என்றார். இன்னும் இல்லை என்றேன். சரி, உங்கள் ஆபீசில் டயத்துக்கு வருகிற பொருள் ஒன்றாவது உண்டா என்று கேட்டார். ரோஷம் வந்துவிட்டது. உண்டு என்றேன். மதராசுக்கு வருகிற விமானங்களும் எங்கள் ரேடாரில் தெரியும். எங்களுக்கு அது குப்பை, கம்ப்யூட்டர் தானாகவே ஒதுக்கித் தள்ளிவிடும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து, அந்தக் குப்பையைக் கிளறி, விமான டைம் டேபிளோடு ஒத்துப்பார்த்து, எந்த விமானம் எத்தனை மணிக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அவர் பஸ் ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டு எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன், தமிழரசியும் பார்ப்பாள் என்று ஒரு ஆசை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து விரலை வைத்துப் படித்தார். நேரமெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு நிம்மதி வந்தது. அப்புறம் விரல் ஒரு இடத்தில் நின்றது, அடுத்த தாளிலும் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போர்ட் பிளேர் வண்டி கடல் மேல வராம இன்னாத்துக்குக் காஞ்சிபுரம் சுத்தி வருது? பம்பாய் வண்டி கடல்லருந்து வருது. தம்பி, வண்டிங்க ரெண்டும் சரியாத்தான் ஓடுது, உங்க போர்டத்தான் எவனோ மாத்தி மாட்டிக்கீறான்."

மூன்று தடவை தொடங்கியது

திரும்பிவரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். நேரே ஆபீசுக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். இரண்டு கேபிளில் மஞ்சள் டேப். ஒன்றைப் பிடித்துத் தோப்புக்குள் கம்பம் வரைக்கும் தொடர்ந்து போனேன். மலை சாக்கெட்டில் கடல் கேபிள் இருந்தது. கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தன. வங்காள விரிகுடாவுக்கு மேலே எந்தக் காற்றும் திரும்பவில்லை, திருப்பியவன் நான்தான்.

சத்தமில்லாமல் மாற்றி மாட்டிவிடலாமே என்று தோன்றாமல் இல்லை. மாட்டினால் மறுநாளே காற்று மறுபடி திரும்பும், டாக்டர் அதற்கும் சேர்த்து இரண்டாவது கட்டுரை எழுதுவார். மாட்டாமல் விட்டால் வங்காள விரிகுடாவே கெட்ட பெயரோடு கிடக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பர்மனென்ட், கல்யாணம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்படியே மூன்று நாள் ஓடியது. முதல் தடவை சொல்ல வாயெடுத்தேன், கட்டுரை முடிந்த சந்தோஷத்தில் டாக்டர் என் வாயில் அதிரசத்தைத் திணித்துவிட்டார். இரண்டாம் தடவை போன் அடித்தது. மூன்றாம் தடவை, கமிட்டிக்குக் காட்ட வேண்டிய படங்களை அவர் கலர் பேனாவால் வரைந்துகொண்டிருந்தபோது, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் அழுதும்விட்டேன்.

டாக்டர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை எட்டிப்பார்த்தது. நாற்காலிக்குத் திரும்பி வந்தார். வரைந்து வைத்த படங்களைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"கழட்டினவன் நீ, மஞ்சள் பூசினவங்க கன்னியம்மா, கற்பூரம் காட்டினவ நான். மூணு பேரும் சேர்ந்துதானே காத்தைத் திருப்பினோம், நீ மட்டும் ஏன்டா அழறே?"

கமிட்டி

அதற்குப் பிறகு நாலு நாள் நாங்கள் நிமிரவில்லை. பூஜை நாளிலிருந்து எழுதிய கிழக்கையெல்லாம் மேற்காக்கி, மேற்கையெல்லாம் கிழக்காக்கினோம். சரிசெய்து பார்த்தால், காற்று எப்போதும் போலச் சாதுவாக ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தது. சொல்லிக்கொள்ள அதில் ஒரு விசேஷமும் இல்லை. அந்த விசேஷமில்லாத காற்றைத்தான் கமிட்டிக்குக் காட்டப்போகிறேன் என்றார் டாக்டர்.

வந்தவர்கள் மூன்று பேர். டாக்டர் முதல் படத்தையே எங்கள் தப்பிலிருந்து தொடங்கினார்: மஞ்சள், குங்குமம், இரண்டு கேபிள், போர்ட் பிளேர் விமானம், எதையும் மறைக்கவில்லை. நான் மூலையில் வேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தலைவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, மாற்றி மாட்டியது யார் என்று கேட்டார். டாக்டர் என்னைக் காட்டினார். அதைக் கண்டுபிடித்தது யார் என்றார். டாக்டர் மறுபடியும் என்னையே காட்டினார். மற்ற இருவரும், இந்தப் பையனை முதலில் அனுப்பிவிடலாமே என்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இவரை அனுப்பிட்டா அடுத்த தப்பை யாருங்க கண்டுபிடிப்பாங்க?"

சாமிக்கு மெமோ

மாசி மாதம் ஆர்டர் வந்தது. நிலையம் இன்னும் இரண்டு வருஷம் நடக்கலாம். விமானங்களைப் பார்த்துத் திசை சரியா என்று வாராவாரம் சோதிக்க வேண்டும். ஞானவேல் தொடரலாம், ஆனால் தற்காலிகமாகத்தான். பர்மனென்ட் என்ற வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் காலி. நிலையம் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, என் கதியை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை.

ஆர்டரின் கடைசியில் தனியாக ஒரு பத்தி இருந்தது. மின் இணைப்புகள் மீதும் கேபிள் நுனிகள் மீதும் இனி மஞ்சள், சந்தனம், குங்குமம் முதலானவற்றை இடக் கூடாது. சம்பந்தப்பட்டவர்கள் படித்துக் கையெழுத்திட வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நான் கையெழுத்து போட்டுடறேன் தம்பி. சம்பந்தப்பட்டவங்கன்னா சரஸ்வதியும் வருது, அதாண்ட யாரு போயி வாங்கினு வருவா?"

ஜன்னலுக்கு வெளியே

யார் மூலமாகவோ தகவல் போவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று செங்கல்பட்டுக்குப் போனேன். டைம் கீப்பர் ஜன்னலில் வந்தவாசி பஸ் எப்போது என்று நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தலையை நுழைத்து, ஆயுத பூஜையிலிருந்து ஆர்டர் வரைக்கும் சொன்னேன். போர்டை மாற்றி மாட்டிய அந்த எவனோ நான்தான் என்று சொன்னேன். பர்மனென்ட் ஆகவில்லை, ஆவேன் என்றும் தோன்றவில்லை, தமிழரசிக்கு வேறு இடம் பார்க்கிறதென்றால் நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் சுத்தப் பொய். தப்பாகத்தான் நினைத்திருப்பேன், சாகும்வரை நினைத்திருப்பேன்.

"அவங்களா புடிச்சாங்களா, நீயா சொன்னியா?" என்றார். நானாகத்தான் சொன்னேன் என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால்? பர்மனென்ட் ஆகியிருப்பேன். அவர் வந்தவாசிக்காரர்களை மூன்றாவது பிளாட்பாரத்துக்கு அனுப்பினார். வந்து நின்ற ஒரு பஸ்ஸுக்கு நேரம் எழுதினார். கண்டக்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பிவிடலாமா என்று நினைத்தபோது ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கிடையே முகத்தை நீட்டினார்.

"முப்பது வருஷமா இந்த ஜன்னல்ல ஒக்காந்துகினு கீறேன். லேட்டா வர்றவன் பஞ்சர்னுவான், ரயில்வே கேட்டுன்னுவான், மாடு குறுக்க பூந்துச்சின்னுவான். எம்மேல தப்புன்னு சொன்னவன் ஒருத்தன் இல்ல. ஆவணியில முகூர்த்தம் பாக்கறேன் மாப்ள, நீங்களாவது டயத்துக்கு வந்து சேருங்க."

வேலையில் கெட்டிக்காரன் என்பதற்காகப் பெண் கிடைத்த மாப்பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் சக பாவிகளே, வேலையைக் கோட்டைவிட்டதை ஒழுங்காகப் போய்ச் சொன்னதற்காகப் பெண் கிடைத்தவன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.